கோலமும் கணனியும்: ஒரு கடன் கணக்கு

ரெக்ஸாஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சன் நகரில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒன்றாகப் பொங்கிவந்த காலம் ஒன்று இருந்தது. எங்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியா, ஜேர்மனி, கனடா என்று சுற்றி இங்கு வந்து சேர்ந்தவர்கள். மற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கணனி வேலைக்கு வந்தவர்கள். டலஸ் நகருக்கு வடக்கே, தொலைத்தொடர்புக் கம்பனிகள் வரிசையாக நின்ற நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், வாடகைத் தொடர்மாடிகளில் இருந்தோம். 1998இல் தைப்பொங்கல் புதன்கிழமை வந்தது. லீவு எடுக்க முடியாததால் சனிக்கிழமை பொங்கினோம்.

அன்று ஒரு வீட்டு அம்மம்மா, படிக்கட்டுக்கு முன்னாலிருந்த சீமெந்துத் தரையைக் கழுவிவிட்டு அரிசிமாவினால் கோலம் போட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி உலக்கையை நிலத்தில் வைத்து அதன் ஓரமாக மாவைத் தூவும் சதுரக் கோலமல்ல அது. புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றி ஒரே கம்பியாக வளைந்து போகிற கோலம். முதலில் ஒரு சிறிய சுழி. அப்படி நான்கு சேர்ந்து ஒரு பெரிய சுழி. அந்தப் பெரிய சுழிகள் நான்கு சேர்ந்து இன்னொன்று. கால்மணித்தியாலத்தில் தரை நிரம்பிவிட்டது. கம்பி தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது.

பார்த்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பேத்தி உள்ளே ஓடிப்போய், பள்ளிக்கூடத்தில் அல்ஜிப்ராவுக்காக வாங்கச் சொன்ன கல்குலேற்றரைக் கொண்டுவந்தாள். "அம்மம்மா, இஞ்ச பாருங்கோ. உங்கட கோலம் மாதிரி ஒண்டு இதுக்குள்ளயும் வருகுது" என்றாள். சின்னஞ்சிறு திரையில் புள்ளி புள்ளியாக ஒரு முக்கோணம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த முக்கோணத்துக்குள் முக்கோணங்கள். அவற்றுக்குள்ளும் முக்கோணங்கள்.

சுற்றி நின்ற பெரியவர்களுக்கிடையில் வாக்குவாதம் தொடங்கியது. "பாத்தீங்களே, வெள்ளைக்காரன் இப்ப கண்டுபிடிச்சதை எங்கட சனம் ஆயிரம் வருசத்துக்கு முந்தியே வாசலிலை போட்டிருக்கு" என்றார் ஒருவர். "அது கணிதம், இது பொம்பிளையளின்ர பொழுதுபோக்கு. ரண்டையும் போட்டுக் குழப்பாதையுங்கோ" என்றார் மற்றவர். புக்கை ஆறும்வரை கதைத்தும் முடிவு வரவில்லை. அந்த வாக்குவாதத்துக்குப் பல வருடம் பிந்தி நாங்கள் சொல்கிற பதில்தான் இக்கட்டுரை. இந்த உருவங்களின் வரலாற்றில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை முடிந்தவரை நேர்மையாக எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

*

முதலில் அந்தக் கல்குலேற்றர். அது எங்கள் அயலில் உருவான பொருள். ரெக்ஸாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் கம்பனியின் பழைய வளாகம் டலஸ் நகரின் வட எல்லையில், ரிச்சர்ட்சனை ஒட்டி இருக்கிறது. அங்குதான் 1958இல் ஜக் கில்பி என்ற பொறியியலாளர் பல மின்னணு உறுப்புகளை ஒரே துண்டில் அமைத்துக் காட்டினார். இன்றைய கணனிகள் எல்லாவற்றுக்கும் அதுவே வேர். ரிச்சர்ட்சனிலுள்ள ரெக்ஸாஸ் பல்கலைக்கழகமும் அந்தக் கம்பனியைத் தொடங்கியவர்கள் 1961இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையமாக இருந்து, 1969இல் மாநிலத்துக்குக் கையளிக்கப்பட்டதுதான்.

1996இல் வந்த ரி.ஐ.-83 என்ற மாதிரியின் கைந்நூலில், பயிற்சிக்காக ஒரு சிறிய நிரல் அச்சிடப்பட்டிருந்தது. பேத்தி தட்டிப் பார்த்தது அதைத்தான். அதன் விதியை ஒரு குழந்தைக்கும் சொல்லலாம். மூன்று மூலைகளை வைத்துக்கொள். எங்காவது ஒரு புள்ளியில் நில். மூன்று மூலைகளில் ஒன்றைக் குருட்டுவாக்கில் தெரிவுசெய். அதை நோக்கிப் பாதித் தூரம் போய் அங்கே ஒரு புள்ளி வை. இப்படியே 3000 தடவை செய். திரையின் அகலம் 96 புள்ளி, உயரம் 64 புள்ளி. குருட்டுவாக்கில் குதித்தாலும் புள்ளிகள் கண்டபடி விழுவதில்லை. சில இடங்கள் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமைதான் முக்கோணங்களாகத் தெரிகிறது.

இந்த உருவத்துக்குச் சியர்பின்ஸ்கி முக்கோணம் என்று பெயர். வக்லாவ் சியர்பின்ஸ்கி போலந்துக்காரர். முதலாம் உலகப் போர் மூண்டபோது ரஷ்யாவில் அகப்பட்டு, அந்நிய நாட்டவர் என்று தடுத்து வைக்கப்பட்டவர். அந்த நாட்களில்தான், 1915இல், இந்த முக்கோணம் பற்றிய அவருடைய ஆய்வு வெளிவந்தது. அவர் அதைப் பற்றி எழுதுவதற்கு ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்னரே இத்தாலியத் தேவாலயங்களின் தரைகளில் கல் பதித்தவர்கள் இதே உருவத்தைப் பதித்திருக்கிறார்கள். முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் முக்கோணம் என்று சில படிகள் வரை. ஆனால் உருவத்தின் பெயர் கல் பதித்தவருடையதல்ல, கட்டுரை எழுதியவருடையது. எங்கள் கடன் கணக்கில் இது முதல் வரி.

*

இரண்டாவது வரி எங்களுக்கு ஊரின் பெயரால் கிடைத்தது. எங்கள் ரிச்சர்ட்சன் 1873 அளவில் இரயில் பாதையோடு உருவான ஊர். அந்தப் பாதையோடு தொடர்புடைய ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆனால் இந்த உருவங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது வேறொரு ரிச்சர்ட்சன் எதிர்ப்பட்டார். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், 1881இல் பிறந்த ஆங்கிலேயர். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஆயுதம் தூக்க மறுத்து, முதலாம் உலகப் போரில் பிரான்சில் காயப்பட்டவர்களை ஏற்றும் வண்டி ஓட்டினார். காலநிலையைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லலாம் என்று 1922இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னரே, தான் வேலை செய்த வானிலை நிலையம் விமானப்படை அமைச்சின் கீழ் போனபோது வேலையை விட்டுவிட்டார்.

அதன்பின் அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குச் செலவிட்டார். போர் ஏன் வருகிறது? அதை எண்களால் ஆராய முனைந்தார். இரண்டு நாடுகளுக்கிடையிலான எல்லை நீளமாக இருந்தால் சண்டையும் கூடுமோ என்று பார்ப்பதற்காக எல்லைகளின் நீளங்களைத் திரட்டினார். அங்குதான் ஒரு விநோதம் அகப்பட்டது. ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான எல்லை ஒரு நூலில் 987 கிலோமீற்றர், இன்னொரு நூலில் 1214. ஒல்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையில் 380 என்றும் இருந்தது, 449 என்றும் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அளந்த கோல் வேறு. நீளக் கோலால் அளப்பவர் சிறு வளைவுகளைத் தாண்டிப் போய்விடுகிறார். குட்டைக் கோலால் அளப்பவர் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இறங்கி ஏறுகிறார். கோல் குட்டையாகக் குட்டையாக நீளம் கூடிக்கொண்டே போகும்.

எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஐரோப்பா தேவையில்லை. இலங்கையின் கரையோரம் 1,340 கிலோமீற்றர் என்று சொல்லும் நூல் உண்டு, 1,600க்கு மேல் என்று சொல்லும் நூலும் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஓரத்தைச் சைக்கிளில் சுற்றியவருக்கும் படத்தில் விரல் வைத்துப் பார்த்தவருக்கும் ஒரே தூரம் வராது.

ரிச்சர்ட்சன் 1953இல் இறந்தார். எல்லைகளைப் பற்றிய அந்த ஆய்வு 1961இல்தான் அச்சேறியது. அதைப் பெரும்பாலும் எவரும் கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர. பெனுவா மண்டல்புரோ என்ற அந்தக் கணித அறிஞர் 1967இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் பிரித்தானியக் கரையின் நீளம் எவ்வளவு என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். நீளம் என்பதை விட்டுவிட்டு, கரை எவ்வளவு நெளிந்திருக்கிறது என்பதை ஒரு எண்ணால் சொல்லலாம் என்றார். நேர்க்கோட்டுக்கு அந்த எண் 1. தளத்துக்கு 2. பிரித்தானியாவின் மேற்குக் கரைக்கு ஏறக்குறைய 1.25. அந்தக் கட்டுரையில் ரிச்சர்ட்சனின் அளவுகளையும் பெயரையும் அவர் மறைக்காமல் சொன்னார். வாங்கிய கடனை எழுதி வைத்த மனிதர் என்று எங்கள் கணக்கில் அவருக்கு ஒரு நல்ல குறிப்புப் போடலாம்.

*

மண்டல்புரோவும் இடம்பெயர்ந்தவர்தான். 1924இல் வார்சோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு வயதில், 1936இல், பெற்றோருடன் பாரிசுக்கு வந்தார். ஜேர்மனியர் பிரான்சுக்குள் வந்தபின் மத்திய பிரான்சிலுள்ள ரூல் என்ற சிறு நகரப் பக்கம் ஒதுங்கி, பிடிபடும் பயத்தில் வாழ்ந்தார். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத அந்த வருடங்கள் தனக்கு உருவங்களால் சிந்திக்கும் பழக்கத்தைத் தந்தன என்று பின்னர் சொல்லியிருக்கிறார். 1958இல் அமெரிக்காவுக்கு வந்து ஐபிஎம் கம்பனியில் சேர்ந்தார். உடைந்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'பிராக்டல்' என்ற பெயரை 1975இல் உருவாக்கினார். 2010இல் காலமானார்.

அவர் பெயரால் அழைக்கப்படும் உருவத்துக்கும் நீண்ட கடன் வரிசை இருக்கிறது. முதலாம் போரில் முகத்தில் குண்டடிபட்டு மூக்கை இழந்த காஸ்தோன் ஜூலியா என்ற பிரெஞ்சுக்காரர், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்தால் எண்கள் எங்கே போகும் என்று 1918இல் நீண்டதொரு ஆய்வு எழுதினார். பியர் பட்டூ என்பவரும் அதே காலத்தில் அதையே ஆராய்ந்தார். இருவரிடமும் கணனி இல்லை. ஆகவே படமும் இல்லை. 1978இல் புறூக்ஸ், மற்றெல்ஸ்கி என்ற இருவர் அச்சியந்திரத்தில் நட்சத்திரக் குறிகளால் ஒரு முரட்டுப் படம் எடுத்தார்கள். 1980இல் மண்டல்புரோ ஐபிஎம் கணனியில் அதை விரிவாகப் பார்த்தார். டுவாடி, ஹபார்ட் என்ற இரு கணித அறிஞர்கள் அதன் இயல்புகளை நிறுவி, மண்டல்புரோவைக் கௌரவித்து அவர் பெயரை வைத்தார்கள்.

1985 ஓகஸ்டில் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையின் அட்டையில் அந்த உருவம் வர்ணத்தில் வந்தது. உள்ளே ட்யூட்னி என்பவர், வீட்டுக் கணனியிலேயே அதை எப்படி வரையலாம் என்று எழுதியிருந்தார். உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் இரவிரவாகக் கணனியை ஓடவிட்டது அதற்குப் பின்தான். 1988இல் பேர்ட் ரைலர் என்பவர் தொடங்கி, பலர் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்த 'பிராக்ரின்ற்' என்ற இலவச நிரல் அதை இன்னும் இலகுவாக்கியது.

1998 பொங்கலுக்குப் பின் நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். எங்களில் ஒருவரிடம் பழைய 486 கணனி இருந்தது. பேசிக் மொழியில் முப்பது வரி எழுதினோம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. பூச்சியத்தில் தொடங்கு. கையிலுள்ள எண்ணை அதனாலேயே பெருக்கு. அந்தப் புள்ளியின் எண்ணைக் கூட்டு. வந்த விடையை மறுபடி அதனாலேயே பெருக்கிக் கூட்டு. புள்ளியின் எண் 1 ஆக இருந்தால் 0, 1, 2, 5, 26, 677 என்று விடை ஓடித் தப்பிவிடும். -1 ஆக இருந்தால் 0, -1, 0, -1 என்று அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். தப்பாத புள்ளிகளுக்குக் கறுப்பு. தப்பும் புள்ளிகளுக்கு, எத்தனையாவது தடவையில் தப்பியது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஒரு வர்ணம். அவ்வளவுதான் விதி.

குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி, மொத்தம் 64,000. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 256 தடவை கணக்குச் செய்யவேண்டும். படுக்கப் போகும்போது ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தோம். நடுவில் ஒரு கறுத்த உருவம். அதன் விளிம்பைப் பெருப்பித்தால் மயிரிழைகள், சுருள்கள். அவற்றுக்குள் முழு உருவத்தின் சின்னக் குட்டிகள். ஜேர்மனியர் இதை அப்பிள் மனிதன் என்கிறார்கள். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதென்ன, மூட்டைப்பூச்சியே?" என்று கேட்டார்.

வர்ணத்தைப் பற்றி அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருவர் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப்போல் தீட்டினார். மற்றவர் நீலமும் வெள்ளையுமாகக் கடல்போல் தீட்டினார். எண்கள் ஒன்றுதான். படம் இரண்டு. எத்தனையாவது தடவையில் தப்பியது என்பதை மட்டும்தான் கணிதம் சொல்கிறது. அது என்ன வர்ணம் என்பதை நாம் சொல்கிறோம். புத்தகங்களில் நாங்கள் கண்டு வியந்த அந்தப் பெரிய படங்களிலும் வர்ணம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தெரிவுசெய்ததுதான் என்பது அன்றுதான் உறைத்தது.

*

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. அதற்குத் தாம்பரத்துக்குப் போகவேண்டும்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ற் சிரோமணி என்ற புள்ளிவிபரவியல் பேராசிரியர் இருந்தார். 1932இல் பிறந்தவர். சிந்துவெளி எழுத்து, பழைய தமிழ்க் கல்வெட்டுகள், பறவைகள் என்று பல துறைகளில் ஈடுபாடு கொண்டவர். அவர் மனைவி ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அவருடைய துறை கணனிக்கான மொழி இலக்கணங்கள். ஒரு வாக்கியத்தைச் சில விதிகளால் உருவாக்கலாம் என்பது 1950களில் நோம் சொம்ஸ்கி முன்வைத்த கருத்து. வாக்கியம் ஒரு வரிசையில் போவது. அதே இலக்கணத்தை அகலமும் உயரமும் உள்ள படங்களுக்கு எழுத முடியுமா என்பதே ராணி சிரோமணி எடுத்துக்கொண்ட கேள்வி.

அதற்கான விடை அவர்கள் காலையில் நடந்து போகும் தெருவிலேயே கிடந்தது. வாசலுக்கு வாசல் படங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. பெரும்பாலும் அதே விதி கொண்டு சிறிய கோலத்தைப் பெரிதாக்கவும் முடிகிறது. சிரோமணி தம்பதியரும், ராணியின் மாணவியும் பின்னாளில் சென்னை ஐஐடியில் பேராசிரியராக விளங்கியவருமான கமலா கிரிதிவாசனும் சேர்ந்து, கோலத்தையும் அணி இலக்கணத்தையும் பற்றிய கட்டுரை ஒன்றை 1974இல் கணனி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். பிராக்டல் என்ற சொல் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னரே கோலம் கணனி விஞ்ஞானத்துக்குள் நுழைந்துவிட்டது. இதைக் கேட்டு மார்தட்டவேண்டியதில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

அவர்கள் கோலம் போடும் பெண்களோடு கதைத்தார்கள் என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. எழுத்தறியாத பெண்கள்கூடச் சிக்கலான கம்பிக் கோலங்களை மறக்காமல் எப்படிப் போடுகிறார்கள் என்று கவனித்தார்கள். நேரே போவது, வலம் வளைவது, இடம் வளைவது, சுழித்துத் திரும்புவது என்று கையின் அசைவுகளாகக் கோலத்தை எழுதலாம் என்று கண்டார்கள். கிப்ற் சிரோமணி 1988இல் காலமானார். கம்பிக் கோலம் பற்றிய அந்த வேலை, 1989இல் அவர் நினைவாக வந்த தொகுதியில் இடம்பெற்றது.

அதே தொகுதியில் பிரெமிஸ்லாவ் புறுசின்கியேவிச் என்பவர் கமலா கிரிதிவாசனோடும் இன்னொரு ஆய்வாளரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இருக்கிறது. அவர் போலந்துக்காரர். அப்போது கனடாவில் ரெஜைனா பல்கலைக்கழகத்தில் இருந்தார். செடிகள் கிளைவிடுவதை விதிகளால் சொல்வதற்கு, ஹங்கேரியில் பிறந்த அரிஸ்ரிட் லிண்டன்மயர் என்ற தாவரவியலாளர் 1968இல் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஒரு குறியை எடுத்து, அதற்குப் பதிலாக ஒரு குறித்தொடரை வை. அந்தத் தொடரிலுள்ள குறிகளுக்கும் அப்படியே செய். இந்த முறையால் கணனித் திரையில் செடி வளர்த்தவர்கள் அதே முறையால் எங்கள் கோலத்தையும் வளர்த்தார்கள்.

அதில் ஒன்று, கண்ணனின் சதங்கை என்று பொருள்படும் பெயர் கொண்ட கோலம். அதன் விதியை எங்கள் எழுத்தில் இப்படிச் சொல்லலாம். தொடக்கம்: 'அ, திரும்பு, அ'. விதி: ஒவ்வொரு 'அ'வுக்கும் பதிலாக 'அ, கோடு, அ, திரும்பு, அ, கோடு, அ' என்று வை. கோடு என்றால் ஒரு அடி இழு. திரும்பு என்றால் வலப்பக்கம் செங்கோணமாகத் திரும்பு. 'அ' வந்தால் கை ஒன்றும் செய்யவேண்டாம், அது அடுத்த சுற்றுக்கு வைத்த விதை. முதற் சுற்றில் 4 கோடு, ஒரு சதுரம். இரண்டாம் சுற்றில் 20 கோடு, நான்கு மூலையிலும் ஒவ்வொரு சுழி. பின் 84, பின் 340. எந்தச் சுற்றில் நிறுத்தினாலும் கம்பி தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். வாசிப்பவர்கள் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு பென்சிலால் இரண்டாம் சுற்றுவரை போட்டுப் பார்க்கலாம். மூலைகளை வளைத்து விட்டால் வாசலில் பார்த்த கோலம் தெரியும்.

*

இப்போது பொங்கலன்று நடந்த வாக்குவாதத்துக்கு வரலாம்.

எங்கள் முன்னோர் பிராக்டலை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற முதலாமவரின் பேச்சு நிற்காது. காலையில் போட்ட மாக்கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். எந்தக் கோலத்துக்கு என்ன வயது என்று அதைக் காட்டி நிரூபிக்க முடியாது. மேலும் மண்டல்புரோ செய்தது வெறும் உருவம் வரைந்தது மட்டுமல்ல. நெளிவை எண்ணால் அளந்து, கரையோரத்துக்கும் மேகத்துக்கும் சந்தை விலைக்கும் ஒரே மொழி கொடுத்தார். கோலத்தில் அந்த அளவு இல்லை. அந்த மூட்டைப்பூச்சி உருவமும் எந்த வாசலிலும் இல்லை. நாட்டை இழந்தவர்களுக்குப் பெருமை பேச ஆசை கூடுதல். அதனாலேயே நாங்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். இல்லாத சொத்துக்கு உரிமை கோரினால் இருக்கிற சொத்தையும் எவரும் நம்பமாட்டார்கள்.

பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய இரண்டாமவரின் பேச்சும் நிற்காது. ஒரு விதியை மனதில் வைத்து, அதையே அதன்மேல் பிரயோகித்து, நான்கு சுற்றுவரை வளர்த்து, நூற்றுக்கணக்கான வளைவுகளுக்குப் பின் கம்பியைத் தொடங்கிய இடத்தில் மூடுவது எண்ணமின்றி நடக்கிற காரியமல்ல. காகிதமும் அழிறப்பரும் இல்லாமல், நின்றபடி குனிந்து, விடியுமுன் செய்த வேலை அது. தாம்பரத்து ஆய்வாளர்கள் அதில் இலக்கணத்தைக் கண்டார்கள் என்றால் அங்கே இலக்கணம் இருந்தபடியால்தான் கண்டார்கள்.

ஆகவே எங்கள் கணக்கு இதுதான். முக்கோணத்துக்குச் சியர்பின்ஸ்கியின் பெயர் இருக்கிறது. கரைக்கு ரிச்சர்ட்சனின் பெயரை மண்டல்புரோ காப்பாற்றினார். கறுத்த உருவத்துக்கு அவருடைய பெயரை மற்றவர்கள் வைத்தார்கள். கோல இலக்கணத்தோடு சிரோமணி தம்பதியரின் பெயரும் கமலா கிரிதிவாசனின் பெயரும் சேர்ந்திருக்கின்றன. அது நியாயம். கோலங்களுக்கோ பாம்புக் கோலம், இருதயகமலம் என்று பொருட்களின் பெயர்தான். போட்ட ஒருத்தியின் பெயரில் ஒரு கோலமும் இல்லை. கடன் கொடுத்தவர்களில் பெயர் எழுதப்படாதவர்கள் அவர்கள்தான்.

*

1999 கோடை விடுமுறையில் பேத்தி பிராக்ரின்ற் நிரலில் லிண்டன்மயர் முறைக்கும் இடமிருப்பதைக் கண்டுபிடித்தாள். அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, பொங்கலுக்குப் போட்ட கோலத்தைக் காகிதத்தில் மெதுவாகப் போடச் சொல்லி, விதியைக் கண்டெடுக்க முயன்றாள். இரண்டு கிழமை எடுத்தது. அம்மம்மாவுக்கு விதி என்ற சொல்லே பிடிபடவில்லை. "இந்தச் சுழி முடிஞ்சால் அந்தப் பக்கம் கை தானாப் போகும் பிள்ளை" என்பதுதான் அவர் விளக்கம். கடைசியில் திரையில் கோலம் சரியாக வந்தபோது, "ஓம், இதுதான்" என்று தலையாட்டினார். வேலையிடத்தில் பெரிய காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தோம்.

அதன் அடியில் 'அம்மம்மாவின் கோலம்' என்று எழுதப் பேத்தி பேனை எடுத்தாள். அம்மம்மா தடுத்துவிட்டார். "அது என்ர இல்லை" என்றார். அதற்குப் பின்தான் கதை வந்தது. எண்பதுகளின் கடைசியில் விசாவுக்காகக் காத்திருந்த மூன்று வருடம் அவர் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். ஊரில் உலக்கைக் கோலம் மட்டும் தெரிந்தவர். பக்கத்து வீட்டு மாமிதான் தினமும் விடியப்புறம் கூப்பிட்டு, புள்ளி வைக்கவும் கம்பி இழுக்கவும் பழக்கினார். தன் மாமியாரிடம் பழகிய கோலம் என்று அந்த மாமி சொல்லியிருக்கிறார்.

"அவவின்ர பேர் என்ன, அம்மம்மா?"

அம்மம்மா வெகுநேரம் யோசித்தார். "மாமி, மாமி எண்டுதான் கூப்பிட்டனாங்கள். பேர் கேக்கேல்லை" என்றார். சொல்லும்போது வெட்கப்பட்டார்.

2001இல் தொலைத்தொடர்புக் கம்பனிகள் சரிந்தபோது எங்களில் பலர் வேலை இழந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டோம். இன்று கைத்தொலைபேசியில் விரலால் இழுத்தால் மண்டல்புரோ உருவம் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிகிறது. அம்மம்மா இப்போது இல்லை. அந்த அச்சுப் பிரதி பேத்தியின் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதன் அடியில் பேனையால் எழுதியிருப்பது: வளசரவாக்கத்து மாமியின் கோலம்.